கறுப்புத் திராட்சையிலும் வெள்ளை ஒயின் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்திருந்த 'வீட்டிலேயே வெள்ளை ஒயின்' குறிப்பைப் படித்தேன். பச்சைத் திராட்சை, அதே எடைக்குச் சீனி, ஒரு கைப்பிடி கோதுமை, நாலைந்து கிராம்பு, எல்லாவற்றையும் மசித்து ஜாடியில் போட்டு, மூடியை இறுக்கிக் கட்டி மூன்று வாரம் வையுங்கள் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. வெள்ளை ஒயின் வெள்ளைத் திராட்சையில் இருந்துதான் வரும், சிவப்பு ஒயின் கறுப்புத் திராட்சையில் இருந்து வரும், கடையில் விற்பதில் போதைக்காக ஸ்பிரிட் கலக்கிறார்கள் என்று மூன்று வரி. குறிப்போடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. கிறிஸ்துமஸுக்கு இப்படி ஜாடி போடும் வீடுகள் நம்மில் நிறைய உண்டு, கொடுத்தால் நானும் வாங்கிக் குடிப்பேன். ஆனால் அந்த மூன்று வரியில் இரண்டு தவறு. படித்தவர்கள் அதை அப்படியே வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள், எனக்கே இரண்டு பக்கத்தில் இருந்து வந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் இங்கே சிங்கப்பூரில் ஒரு ஹோட்டல் உணவகத்தில் ஒயின் பரிமாறும் வேலையில் இருப்பவன். அதற்கு முன்னால் மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருந்து தெற்கே காரில் மூன்று மணி நேரம் போனால் வரும் மார்கரெட் ரிவர் பக்கம், அறுவடைக் காலத்தில் ஒயின் ஆலையில் கூலி வேலை பார்த்தேன். டேங்க் கழுவுவது, குழாய் இழுப்பது, பிழிந்து முடித்த சக்கையை அள்ளிப் போடுவது, இதுதான் வேலை. நிபுணன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

முதலில் நிறம். தேக்கா சந்தையில் கறுப்புத் திராட்சை வாங்கினால் ஒன்றை எடுத்து, காம்பு இருந்த இடத்தைக் கீழே பிடித்து இரண்டு விரலால் பிதுக்கிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வெளியே வரும் சதையில் கறுப்பும் இருக்காது சிவப்பும் இருக்காது, லேசான பச்சை, கிட்டத்தட்ட நிறமே இல்லை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய தேனி மாவட்டத்துக் கம்பம் பன்னீர் திராட்சையும் இப்படித்தான். நிறமி முழுக்கத் தோலில் இருக்கிறது. சதையும் சிவப்பாக இருக்கும் அலிகான்டே பூஷே போன்ற சில வகைகள் உண்டு, அவை விதிவிலக்கு. ஆகவே கறுப்புத் திராட்சையை அதிகம் நசுக்காமல், தாமதிக்காமல், மெல்லப் பிழிந்து தோலைத் தள்ளிவிட்டால் கிடைப்பது வெள்ளைச் சாறு. பிரான்சின் ஷாம்பேன் வட்டாரமே இதை நம்பித்தான் பிழைக்கிறது. அங்கே பெரும்பாலும் பயிராகும் மூன்று வகைகளில் பினோ நுவார், மெனியே இரண்டும் கறுப்பு, ஷார்டனே மட்டும்தான் வெள்ளை. கல்யாண வரவேற்பில் கண்ணாடிக் கோப்பையில் நுரைத்துக்கொண்டு வரும் அந்த வெளிர்மஞ்சள் ஷாம்பேனில் பாதிக்கு மேல் கறுப்புத் திராட்சையாக இருந்தாலும் ஆச்சரியம் இல்லை.

இதைத் திருப்பிப் போட்டாலும் பொருந்தும். வெள்ளைத் திராட்சையைத் தோலோடு சேர்த்து நொதிக்க விட்டால் வருவது ஆரஞ்சு நிறத்தில், துவர்ப்பாக, வேறு ஒரு பானம். ஜார்ஜியா நாட்டில் க்வெவ்ரி என்ற பெரிய மண் சாடிகளை நிலத்தில் புதைத்து வைத்துக் காலங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள், யுனெஸ்கோ 2013இல் அந்த முறையை மரபுப் பட்டியலில் சேர்த்தது. உங்கள் குறிப்பில் உள்ளபடி பச்சைத் திராட்சையை மசித்துத் தோலும் விதையுமாக ஊறப் போட்டால் கிடைப்பது அதற்குத்தான் தூரத்து உறவு. நன்றாக இருக்கலாம், வெள்ளை ஒயின் இல்லை.

சிவப்பு ஒயினில் முதலில் நொதிக்க விட்டு, நிறமும் துவர்ப்பும் இறங்கிய பிறகு பிழிகிறார்கள். வெள்ளையில் முதலில் பிழிந்துவிட்டு, வெறும் சாற்றை மட்டும் நொதிக்க விடுகிறார்கள். இந்த வரிசை மாற்றம்தான் விஷயம், மற்ற எல்லாம் இதன் பின்னால் வருகிறது. தோல் இல்லையென்றால் துவர்ப்பைத் தரும் டானின் மிகக் குறைவு, நிறமி இல்லை, அதனால் காற்றுப் பட்டாலும் சூடு பட்டாலும் மறைத்துக்கொள்ள எதுவும் இல்லை, சின்னத் தப்பு கூட கோப்பையில் தெரிந்துவிடும். எனவே வெள்ளை ஒயின் செய்கிறவர்களின் கவலையில் பெரும்பங்கு நொதித்தல் தொடங்குவதற்கு முன்னாலேயே, பறித்ததில் இருந்து ஓரிரு நாளுக்குள் முடிந்துவிடுகிறது. இதை யாரும் எழுதுவதில்லை. எல்லாரும் மரப் பீப்பாயையும் நிலவறையையும் படம் பிடித்துப் போடுகிறார்கள்.

பறிப்பதில் இருந்து சொல்கிறேன். ஆண்டுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். ஆஸ்திரேலியாவில் வெள்ளை வகைகளுக்குப் பிப்ரவரி, மார்ச். ஐரோப்பாவில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை. இந்தியாவின் நாசிக்கில், 1999இல் தொடங்கிய சூலா நிறுவனம் செனின் பிளாங்க், சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை வகைகளைப் போட்டு எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்த ஊர் அது, குளிர் முடிகிற ஜனவரி முதல் மார்ச் வரை. பழம் பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். இரண்டும் எங்கே சந்திக்க வேண்டும் என்பதைத்தான் தோட்டத்துக்காரர் தீர்மானிக்க வேண்டும். சர்க்கரையைப் பார்க்க ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டுச் சாற்றை விட்டு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறது என்று தெரியும். வெள்ளை ஒயினுக்கு அது பெரும்பாலும் 20இல் இருந்து 24 பிரிக்ஸுக்குள் (நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற கணக்கு) நிற்கும். ஷாம்பேனுக்கு இன்னும் முன்னாலேயே பறித்துவிடுவார்கள், அங்கே புளிப்புதான் முக்கியம்.

திராட்சையின் முக்கியப் புளிப்பு டார்டாரிக் அமிலம். நம் வீட்டுப் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். அதோடு பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலமும் இருக்கும், ஆனால் இது சூட்டுக்கு நிற்காது, இரவும் புழுக்கமாக இருக்கும் ஊரில் பழுக்கும்போதே கரைந்துபோகும். வெப்ப நாடுகளில் நல்ல வெள்ளை ஒயின் எடுப்பது சிரமமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். தாய்லாந்தின் காவ் யாயிலும் பாலித் தீவிலும் செய்யத்தான் செய்கிறார்கள், நம் பக்கத்து வீட்டுக்காரர்கள், அவர்களை மெச்ச வேண்டும்.

கருவி சொல்வது மட்டும் போதாது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒயின் தயாரிப்பவர், ஐம்பதைத் தாண்டிய அம்மா, வரிசை வரிசையாக நடந்து இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று பறித்து வாயில் போட்டு மென்று, விதையை உள்ளங்கையில் துப்பி விரலால் புரட்டிப் பார்ப்பார். விதை இன்னும் பச்சையாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த வட்டாரத்தில் இன்னொரு தலைவலி சில்வர்ஐ என்ற குட்டிப் பறவை. மர்ரி மரங்கள் நன்றாகப் பூத்த ஆண்டில் அவை தேன் குடித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடும், பூக்காத ஆண்டில் கூட்டமாகத் திராட்சைக்கு வந்து கொத்தும். கொத்திய பழம் அழுக ஆரம்பித்துவிடும். அதனால் கொடி வரிசை முழுக்க வலை போர்த்தியிருப்பார்கள்.

வெள்ளைத் திராட்சையை இயந்திரத்தால் பறிப்பதாக இருந்தால் நள்ளிரவுக்கு மேல்தான் ஆரம்பிப்பார்கள். வரிசையின் மேலே கால் பரப்பி நின்றபடி நகர்ந்து போகும் உயரமான இயந்திரம், கொடியை உலுக்கிப் பழத்தை மட்டும் உதிர்க்கும், காம்பு கொடியிலேயே நிற்கும். ராத்திரியில் எதற்கு என்றால் குளிர்ச்சிக்குத்தான். மத்தியானம் பறித்த பழம் முப்பது டிகிரியில் ஆலைக்கு வந்து சேரும், வழியிலேயே சாறு கசிந்து பழுப்பாகும், தோலில் ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட் நம்மைக் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடும். விடியற்காலையில் வந்தால் அந்தத் தொல்லை குறைவு, குளிரூட்டும் மின்கட்டணமும் குறைவு. மேல்தரச் சரக்குக்கும், ஷாம்பேன் பகுதியில் சட்டப்படியும், கையால்தான் குலை குலையாகப் பறிக்கிறார்கள்.

அடுத்தது பிழிவது. எனக்குப் பிடித்த இடம் இதுதான், உடம்பு முறிந்ததும் இங்கேதான். படுக்கவைத்த பெரிய எஃகு உருளை, உள்ளே ஒரு பக்கத்தில் கனத்த ரப்பர் திரை. பழத்தைக் கொட்டி மூடிவிட்டுத் திரைக்குப் பின்னால் காற்றை ஏற்றினால் அது மெல்ல உப்பிப் பழத்தை ஓட்டைகள் உள்ள சுவரோடு அழுத்தும். ஒரேயடியாக நசுக்கினால் விதை உடைந்து கசப்பு இறங்கும். அதனால் கொஞ்சம் அழுத்து, தளர்த்து, உருளையைச் சுற்றிச் சக்கையைக் கலைத்து விடு, திரும்ப இன்னும் கொஞ்சம் அழுத்து என்று இரண்டு மூன்று மணி நேரம் போகும், கடைசியில்கூட அழுத்தம் பெரும்பாலும் 2 பார் என்ற அளவைத் தாண்டாது. கீழே தட்டில் முதலில் வழிவது அழுத்தமே இல்லாமல் தானாக இறங்கும் சாறு, பச்சையும் மஞ்சளுமாக, இனிப்பும் புளிப்பும் கூர்மையாக இருக்கும். போகப் போக நிறம் மங்கும், காற்றுப் பட்டுத் தேநீர் நிறம் வரும், நாக்கின் ஓரத்தில் துவர்ப்பு பிடிக்கும். அந்த அம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சில நிமிடத்துக்கு ஒரு தடவை சுவைத்து, "போதும், மாற்று" என்பார். உடனே குழாயை வேறு டேங்குக்கு மாற்ற வேண்டும். அதற்குப் பின்னால் வருவது இரண்டாம் தரம். ஷாம்பேனில் இந்த வெட்டு சட்டத்திலேயே இருக்கிறது. 4,000 கிலோ பழத்தில் 2,550 லிட்டர் சாறுதான் எடுக்கலாம், முதல் 2,050 லிட்டர் ஒரு தரம், அடுத்த 500 இன்னொரு தரம். மற்ற இடங்களில் ஒரு டன்னுக்கு 600, 700 லிட்டர் என்று போகும். அப்படிப் பார்த்தால் ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்கு மேல் பழம் போகிறது.

மஸ்கட், கெவுர்ஸ்ட்ராமினர் போன்ற வாசனை வகைகளுக்கு மட்டும், வாசம் தோலுக்கு அடியில் இருப்பதால், பிழிவதற்கு முன் சில மணி நேரம் குளிரில் தோலோடு வைத்திருப்பதும் உண்டு. அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான்.

இந்தக் கட்டத்தில் கந்தக டை ஆக்சைடு சேர்ப்பார்கள், பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் என்ற வெள்ளைத் தூளாக. சாறு பழுப்பாகாமல் தடுக்கும், வேண்டாத கிருமிகளை அடக்கும். தூளைக் கரைக்கும்போது முகத்தை நீட்டினால் மூச்சடைத்து இருமல் பிடித்துக்கொள்ளும், ஒருமுறை பட்டவர் மறக்க மாட்டார். சிங்கப்பூரில் கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ இந்தச் சல்ஃபைட் இருந்தால் லேபிளில் போட்டே ஆக வேண்டும். ஒயின் பாட்டிலின் பின்னால் அந்த வரியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உலர்ந்த ஆப்ரிகாட் பொட்டலத்தையும் திருப்பிப் பார்க்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை, அவர்கள் கவனமாக இருக்கத்தான் வேண்டும்.

பிழிந்த சாறு கலங்கலாக இருக்கும். தோல் துணுக்கு, சதை நார், மண் எல்லாம் கலந்திருக்கும். பத்து டிகிரிக்குக் கீழே குளிர வைத்து ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், ஆடாமல் அசையாமல் விட்டால் அடியில் மண்டி இறங்கிவிடும். பழச்சதையில் இருக்கும் பெக்டின் என்ற பசையை உடைக்கும் நொதியைக் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் இறங்கும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு டேங்குக்கு மாற்றுவார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலை, ஆனால் மண்டியோடு நொதித்த ஒயினில் ஒரு கனத்த நாற்றம் கடைசி வரை போகாது. அதற்காகக் கண்ணாடி போல் தெளிய வைத்தாலும் ஆபத்து, ஈஸ்ட்டுக்கு வேண்டிய சத்தும் மண்டியோடு போய்விடும், பாதியில் நின்றுவிடும். லேசான கலங்கல் வேண்டும்.

இப்போதுதான் நொதித்தலுக்கு வருகிறோம், ஸ்பிரிட் கதைக்கும். சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட், ரொட்டிக்குப் போடும் அதே இனம், வேறு வகை. 1,000 லிட்டருக்குச் சுமார் 250 கிராம் உலர் ஈஸ்ட் போதும். அதை நாற்பது டிகிரிக்குள் இருக்கும் வெதுவெதுப்பான நீரில் போட்டுக் கால் மணி நேரம் ஊற வைத்து, டேங்கில் இருக்கும் குளிர்ந்த சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பழக்கி, அப்புறம்தான் உள்ளே விட வேண்டும். நேரே குளிரில் கொட்டினால் அதிர்ச்சியில் பாதி செத்துவிடும். சிலர் எதுவும் போடாமல் தோட்டத்தில் இருந்தும் ஆலையில் இருந்தும் வரும் காட்டு ஈஸ்ட்டையே நம்புவார்கள். நன்றாக வந்தால் அருமை, கெட்டால் மொத்த டேங்கும் போச்சு.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை போனால் 1 சதவீத ஆல்கஹால். பழுத்த திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 210, 220 கிராம் சர்க்கரை இருக்கிறது, வகுத்துப் பாருங்கள், 12, 13 சதவீதம் வருகிறது. லேபிளில் இருக்கும் எண் அதுதான். வெளியில் இருந்து ஒரு சொட்டு ஸ்பிரிட் தேவையில்லை. ஸ்பிரிட் சேர்க்கும் ஒயின்கள் இருக்கின்றன, போர்ச்சுகலின் போர்ட் மாதிரி. அங்கே நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 சதவீதத் திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்று இனிப்பை நிறுத்தி வைக்கிறார்கள், அதனால் அது 20 சதவீதம் வரை போகிறது. அதை மறைப்பதும் இல்லை, அந்த ஒயினின் பெருமையே அதுதான். சாதாரண மேசை ஒயினுக்கு அந்தக் கதையை ஒட்டக் கூடாது. ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளில் பழம் சரியாகப் பழுக்காத ஆண்டில் சாற்றில் சீனி சேர்க்க அனுமதி உண்டு, ஆஸ்திரேலியாவில் அது கிடையாது, அங்கே புளிப்பு குறைந்தால் டார்டாரிக் அமிலம் சேர்த்துக்கொள்வார்கள். ஆக, கலப்படம் என்று தேடினால் சீனியும் புளியும்தான் அகப்படும்.

கரியமில வாயுவைச் சும்மா நினைக்கக் கூடாது. ஒரு லிட்டர் சாறு முழுவதும் நொதித்தால் ஏறக்குறைய 50 லிட்டர் வாயு வெளியேறுகிறது. ஆலையில் டேங்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் மூக்கில் ஊசி குத்தினது போல் இருக்கும். காற்றை விடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும், காற்றோட்டம் இல்லாத நிலவறைகளில் ஆட்கள் மயங்கி விழுந்து இறந்திருக்கிறார்கள். காலி என்று நினைத்த டேங்குக்குள்ளும் அளவு பார்க்காமல் இறங்க விட மாட்டார்கள். இதே வாயுதான் உங்கள் குறிப்பில் மூடியை இறுக்கிக் கட்டிய ஜாடிக்குள்ளும் வருகிறது, வெளியேற வழி இல்லாமல். கண்ணாடி ஜாடியாக இருந்தால் வெடிக்கும். துணி கட்டுங்கள், அல்லது வாயு வெளியே போகவும் காற்று உள்ளே வராமலும் இருக்கும் நீர்ப்பூட்டு சில வெள்ளிக்கு (டாலருக்கு) கிடைக்கிறது, அதை மாட்டுங்கள்.

சூடுதான் அடுத்த வில்லன். ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும், விட்டால் டேங்க் முப்பதைத் தாண்டிவிடும். சிவப்பு ஒயினுக்கு 25, 30 டிகிரி சரி, தோலில் இருந்து நிறம் இறங்க அது உதவும். வெள்ளைக்கு 12இல் இருந்து 18 டிகிரி. டேங்கின் சுவரைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் இரட்டை உறை இருக்கும், அதன் மேல் பனி பூத்திருக்கும், விரலால் பெயர் எழுதலாம். நம் ஊர் இட்லி மாவு இங்கே ஒரு ராத்திரியில் பொங்கிப் புளித்துவிடுகிறது, குளிர் ஊரில் அதே மாவு ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது, ஒயினிலும் அந்தக் கணக்குதான். ஆனால் மாவுக்கு வாசனை போனால் பரவாயில்லை. சூட்டில் வேகமாக நொதித்தால் வாயு குபுகுபுவென்று வெளியேறும்போது பூ வாசம், பழ வாசம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். குளிரில் இரண்டு மூன்று வாரம் நிதானமாக நடந்தால் அவை உள்ளேயே தங்கும். நடு வாரத்தில் டேங்கைச் சுற்றி வாழைப்பழ மணமும் பேரிக்காய் மணமும் வீசும், ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர் என்ற வாசனைப் பொருள்கள் அவை. அதை முகர்ந்துகொண்டே குழாய் கழுவலாம்.

காலையும் மாலையும் ஒவ்வொரு டேங்கிலும் கொஞ்சம் பிடித்து உயரமான குவளையில் ஊற்றி மிதவையை விட்டு எவ்வளவு சர்க்கரை மீதி என்று எழுதி வைக்க வேண்டும். ஆரம்பத்தில் மிதவை உயர நிற்கும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்காமல் நின்றுவிட்டால் எல்லாருக்கும் முகம் மாறிவிடும். ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் சத்துப் பற்றாவிட்டால் முட்டை அழுகிய நாற்றம் கிளம்பும், ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அது. பகல் முழுக்க வாழைப்பழமாக மணந்த டேங்க் மறுநாள் காலையில் இப்படி நாறினால் முதல் தடவை பார்ப்பவனுக்கு உயிரே போய்விடும். அந்த அம்மா பதறாமல் கொஞ்சம் அம்மோனியம் பாஸ்ஃபேட் சத்தைக் கரைத்து ஊற்றச் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். சாயங்காலம் பாதி போயிருந்தது.

சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் தீர்ந்தால் ஈஸ்ட் பசியில் அடங்கி அடியில் படியும், அதுதான் இனிப்பில்லாத ஒயின். இனிப்பு மீதி வேண்டும் என்றால் நடுவிலேயே கடும் குளிரில் வைத்து வடிகட்டி நிறுத்திவிடுவார்கள். இத்தாலியின் மொஸ்காடோ தாஸ்தி 5 சதவீதம் சுற்றியே நிற்பதும், எங்கள் உணவகத்தில் மிளகாய்க் காரத்துக்கு நான் எடுத்துக் கொடுக்கும் ஜெர்மனியின் மோசல் ரீஸ்லிங் வெள்ளை ஒயின்கள் சில 8 சதவீதத்தில் இனிப்போடு இருப்பதும் இப்படித்தான். மீன் தலைக் கறிக்கு எட்டு சதவீத ரீஸ்லிங்கைத்தான் சொல்வேன். கனத்த ஷார்டனே அந்தப் புளிக்கும் மிளகாய்க்கும் முன்னால் கட்டை போல் கிடக்கும். ஷார்டனேயைப் பலர் மரப் பீப்பாயிலேயே நொதிக்க விட்டு, பின்னால் ஒரு பாக்டீரியாவை வைத்து மாலிக் அமிலத்தைப் பால் அமிலமாக மாற்றுகிறார்கள், வெண்ணெய் வாசம் அதில் இருந்து வருவது. அது தனிக் கதை.

எங்கள் மேசையில் அடிக்கடி வரும் இரண்டு கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பாட்டில் அடியிலோ கார்க்கிலோ கண்ணாடித் துகள் போல் மின்னினால் அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிர்ந்ததும் படிகமாகும், பேக்கரிச் சாமான் கடையில் டப்பாவில் விற்கும் கிரீம் ஆஃப் டார்டார் அதுவே. இன்னொன்று, சைவம் சாப்பிடுகிறவர்கள் குடிக்கலாமா என்பது. தெளிய வைக்கச் சிலர் மீனின் காற்றுப்பையில் எடுத்த பசையையும் முட்டை வெள்ளைக்கருவையும் பால் புரதத்தையும் பயன்படுத்துகிறார்கள், சிலர் பென்டொனைட் என்ற களிமண்ணோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீகன் என்று போட்டிருந்தால் கவலை இல்லை, போடாவிட்டால் கேளுங்கள், பரிமாறுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடை ஒயின் விலை பற்றியும் உங்கள் குறிப்பில் ஒரு புலம்பல் இருந்தது. இங்கே ஒயினுக்கு ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி தீர்வை. 12.5 சதவீதமுள்ள 750 மில்லி பாட்டில் ஒன்றுக்கு அது 8.25 வெள்ளி, அதன் மேல் பொருள் சேவை வரி. உள்ளே இருப்பது மட்டமான சரக்கோ மேலான சரக்கோ, தீர்வை ஒன்றுதான். அதனால்தான் மிக மலிவான பாட்டிலில் சாற்றுக்குப் போன காசு ரொம்பக் குறைவு.

வீட்டில் செய்வது குற்றமில்லை. 18 வயதைத் தாண்டியவர் தன் வீட்டில், சொந்தத் தேவைக்கு, ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் வரை நொதித்த மது செய்துகொள்ள சுங்கத்துறை அனுமதிக்கிறது. விற்கக் கூடாது. காய்ச்சி வடிக்கவே கூடாது. குறிப்பைப் போடும்போது இந்த இரண்டு வரியைச் சேர்த்திருக்கலாம்.

வெள்ளை ஒயினாகவே வேண்டும் என்கிற வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். சந்தையில் கிடைக்கும் விதையில்லாப் பச்சைத் திராட்சை தின்பதற்கு வளர்த்தது, சர்க்கரையும் குறைவு புளிப்பும் குறைவு, அதில் மல்லுக்கட்ட வேண்டாம். பேரங்காடியில் வெள்ளைத் திராட்சைச் சாறு வாங்குங்கள், தோல் வேலையும் மண்டி வேலையும் முடிந்தே வருகிறது. ஆல்கஹால் போதாவிட்டால் அளந்து கொஞ்சம் சீனி, கிலோக்கணக்கில் வேண்டாம். ரொட்டி ஈஸ்ட்டுக்குப் பதில் ஒயின் ஈஸ்ட் பொட்டலம், நீர்ப்பூட்டு. நம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் பகலில் முப்பது டிகிரி இருக்கும், அதனால் ஜாடியைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கி, தினமும் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை வாளியில் போட்டு மாற்றிக்கொண்டே இருந்தால் இருபதுக்குப் பக்கத்தில் பிடிக்கலாம். சாறு வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் படியுங்கள். பொட்டாசியம் சோர்பேட், சோடியம் பென்சோயேட் என்று கெடாமல் காக்கும் பொருள் ஏதாவது போட்டிருந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள், அதில் எந்த ஈஸ்ட்டும் ஒழுங்காக வளராது.

இப்படிக்கு,
ஓர் உணவக ஊழியர்,
பிடோக்.